நிலாவரைக்குள் இறங்க எந்தப் புத்தகம்?

எங்கள் மேசை கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கூடினால் எழும்ப எட்டாகிவிடும். ஆறு பேர், ஒரு கேத்தில் நிறையப் பிளேன்ரீ, இடையில் ரோல்ஸ். விளையாடுவது டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். 2024 மார்கழியில் ரொறொன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் அதன் புதிய விதிநூலைக் கொண்டுவந்து தந்தார். மை வாசம் போகாத புத்தகம். அடுத்த ஞாயிறு நாங்கள் விளையாடவேயில்லை. எந்தப் புத்தகத்தை வைத்து விளையாடுவது என்று கதைத்தே பொழுது போய்விட்டது. அதற்கு அடுத்த ஞாயிறு நாலு பேர்தான் வந்தார்கள்.

இந்த விளையாட்டை அறியாதவருக்கு இது சின்னப்பிள்ளைச் சண்டை போலத் தெரியலாம். ஆனால் இதே சண்டை அமெரிக்காவில் ஏறக்குறைய ஐம்பது வருடமாக நடக்கிறது. நிறுவனங்களைக் கவிழ்த்திருக்கிறது, புதிய நிறுவனங்களை உண்டாக்கியிருக்கிறது. ஒரு விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்தால் ஏன் சனம் இப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதை எங்கள் மேசையில் நடந்ததை வைத்தே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம். என்போம். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் உண்டு: வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று. டி.எம். ஒரு நிலைமையைச் சொல்வார், பாத்திரத்தை வைத்திருப்பவர் தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார். செய்தது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. கதை வாரக்கணக்கில், வருடக்கணக்கில்கூட நீளும். விதிநூலில் இருப்பது அந்தச் சந்தேகம் வரும் இடங்களுக்கான ஒழுங்கு மட்டும்தான். கதை புத்தகத்தில் இல்லை, மேசையில் இருக்கிறது.

எங்கள் கதை ஒன்றில் இரவோடு இரவாக நிலாவரைக் கிணற்றுக்குள் இறங்க வேண்டி வந்தது. புத்தூர்ப் பக்கம் இருக்கிற அந்தக் கிணற்றை யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. அடியே காணாத கிணறு, அதற்குள் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்து வரும் என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். அந்தத் தேசிக்காய் போன வழியால் எங்கள் பாத்திரங்கள் போக வேண்டும். திருடன் பாத்திரம் கயிற்றில் இறங்குகிறான். கயிறு ஈரம். டி.எம். கேட்கிறார்: "பாதி வழியில கை வழுக்குது. என்ன செய்யப்போறீர்?"

இந்த ஒரு கணத்தை ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு மாதிரி நடத்தும்.

1974இல் வந்த முதல் நூல்களில் கயிறு ஏறுவதற்கென்று விதி இல்லை. "முடிச்சுப் போட்டுத்தான் இறங்கினனான்" என்று விளையாடுபவர் சொன்னால், டி.எம். யோசித்துவிட்டு "சரி, தப்பிட்டீர்" என்று சொல்லிவிடலாம். தப்பியது பாத்திரத்தின் எண்ணால் அல்ல, விளையாடுபவரின் புத்தியால். 1978 நூலில் திருடனுக்குச் சுவர் ஏற ஒரு நூற்றுவீதம் இருந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் 2003இல் அதைத் திருத்திய 3.5இலும் கயிறுக்கே கணக்கு உண்டு. சுவரில் கால் ஊன்ற முடிந்தால் முடிச்சுப் போட்ட கயிற்றுக்குச் சிரம எண் 0, முடிச்சில்லாத கயிற்றுக்கு 5, வழுக்கினால் மேலும் 5. இருபது முகப் பகடையை உருட்டி, ஏறும் திறனைக் கூட்டி, அந்த எண்ணைத் தொட வேண்டும். 2014இன் ஐந்தாம் பதிப்பில் அந்த அட்டவணை இல்லை. முடிச்சுப் போட்டது நல்ல யோசனை என்று டி.எம். நினைத்தால் இரண்டு பகடை உருட்டி, கூடியதை எடுக்கச் சொல்வார்.

விதி வித்தியாசம் சின்னதுதான். ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் தீர்ப்புச் சொல்பவர் மாறுகிறார். ஒன்றில் டி.எம். என்ற மனிதர், இன்னொன்றில் அச்சிட்ட அட்டவணை, மூன்றாவதில் இரண்டுக்கும் இடையில் ஒரு சமரசம். டி.எம்.மை நம்புகிறவர் பழைய முறையை விரும்புவார். டி.எம். தன் தம்பிக்குப் பக்கம் சாய்வார் என்று கண்டவர் அட்டவணையைக் கேட்பார். இரண்டும் நியாயம்தான். பதிப்புச் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். டிராகனுக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

இனி வரலாறு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் சேர்ந்து ஆக்கிய இந்த விளையாட்டை 1974இல் கைகாக்ஸ் பங்காளியாக இருந்த டக்டிக்கல் ஸ்டடீஸ் றூல்ஸ் என்ற சின்ன நிறுவனம் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து வெளியிட்டது. முதலில் அச்சிட்டது 1000 பெட்டிகள். மூன்று மெல்லிய புத்தகங்கள், நிறைய இடைவெளிகள். அந்த இடைவெளிகளை ஒவ்வொரு மேசையும் தன்பாட்டில் நிரப்பிக்கொண்டது. ஆக, இந்த விளையாட்டு பிறக்கும்போதே ஊருக்கொரு விதமாகத்தான் பிறந்தது.

அது எங்களுக்குப் புதிதில்லை. முந்நூற்று நாலு விளையாடுகிற எவரையும் கேளுங்கள். ஏழிலிருந்து ஏஸ் வரை 32 தாள், ஒவ்வொரு சாதித் தாளிலும் 76 புள்ளி, மொத்தம் 304. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. இவ்வளவும் பொது. அதற்கு மேல் கேள்வி கேட்கிற விதம், துரும்பைத் திறக்கிற நேரம், ஆறு பேர் இருந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் ஒழுங்கைக்கு ஒழுங்கை மாறும். புது ஆள் ஒருவர் வந்து இருந்தால் முதலில் கேட்பது "உங்கட பக்கம் எப்பிடி விளையாடுறனீங்கள்?" என்பதுதான். அதற்காக யாரும் பிரிந்து போனதில்லை. ஏனென்றால் முந்நூற்று நாலுக்கு உரிமையாளர் இல்லை. இனிமேல் ஜாக்குக்கு 25 என்று அறிவிக்க ஒரு கொம்பனி இல்லை.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸுக்குக் கொம்பனி இருந்தது. 1977இலேயே அது விளையாட்டை இரண்டாகப் பிரித்தது: தொடக்கக்காரருக்கு ஒரு பெட்டி, தேர்ந்தவர்களுக்கு 'அட்வான்ஸ்ட்' என்று ஒரு தொடர். அட்வான்ஸ்ட் நூல்களில் எழுதியவராகக் கைகாக்ஸின் பெயர் மட்டும் இருந்தது. உரிமைப்பணம் கேட்டு ஆர்னிசன் 1979இல் வழக்குப் போட்டார், 1981இல் சமரசமானது. முதல் பெரிய பிரிவிலேயே விதியும் பணமும் பெயரும் ஒன்றாகப் பின்னியிருந்ததைக் கவனிக்க வேண்டும். பிறகு 1985இல் கைகாக்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை இழந்தார். 1989இல் அவர் இல்லாமலே இரண்டாம் பதிப்பு வந்தது. பேய் விளையாட்டு என்று அமெரிக்கத் தாய்மார் எழுப்பிய எதிர்ப்புக்குப் பயந்து அதிலிருந்து பிசாசுகளின் பெயர்களை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு அது பெரிய மனக்கசப்பு. 1997இல் அந்த நிறுவனம் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தபோது விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் வாங்கியது. 1999இல் விசார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது.

இதற்குப் பிறகு 2000இல் நடந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. மூன்றாம் பதிப்போடு விசார்ட்ஸ் 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' என்ற உரிமத்தையும் வெளியிட்டது. விளையாட்டின் அடிப்படை விதிகளை யாரும் எடுத்துத் தங்கள் நூல்களில் பயன்படுத்தலாம், விற்கலாம், கட்டணம் இல்லை. சின்னச் சின்ன வெளியீட்டாளர்கள் சாகசக் கதைகளை எழுதினால் அவற்றை விளையாட எங்கள் விதிநூல்தானே தேவை, அது நன்றாக விற்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்குச் சரியாகவே வந்தது. ஆனால் அந்தக் காகிதம் இன்னொன்றையும் செய்துவிட்டது. விதிகள் கொம்பனியின் கையை விட்டுப் போய்விட்டன. இனிமேல் கொம்பனி ஒரு பதிப்பைக் கைவிட்டாலும் வேறு யாராவது அதை உயிரோடு வைத்திருக்கலாம்.

அந்த வேளையில்தான் இந்த விளையாட்டு எங்களிடம் வந்தது. சமாதான காலம். 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2004இல் கனடாவிலிருந்து வந்த ஒரு அண்ணை ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி 3.5 விதிநூலைப் பையில் கொண்டுவந்தார். போகும்போது திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார். முன்னூறு பக்கத்துக்கு மேல் போட்டோகொப்பி அடித்து, இரண்டாகப் பிரித்துக் கட்டினோம். பகடை ஆறு முகத்தில்தான் கிடைத்தது. இருபது முகத்துக்கு எங்கே போக? ஒன்றிலிருந்து இருபது வரை எழுதிய கடதாசித் துண்டுகளைப் பால்மா ரின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தோம். கனகாலத்துக்குப் பிறகு அறிந்தேன், 1979இல் அமெரிக்காவிலேயே பகடைத் தட்டுப்பாடு வந்தபோது தொடக்கப் பெட்டிக்குள் எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளை வைத்துத்தான் விற்றார்களாம். அதைப் படித்த அன்று எங்கள் ரின்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

2006 ஆவணியில் முகமாலையில் பாதை மூடியது. ஊரடங்கு இரவுகளில் ஒரே ஒழுங்கைக்குள் இருந்த நாங்கள் ஐந்து பேர் பின்வளவால் வந்து, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அந்தக் கொப்பியை வைத்து விளையாடினோம். சத்தம் போடாமல் டிராகனோடு சண்டை பிடிப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். வெளியே உலகத்தில் நாலாம் பதிப்பு வந்ததோ, அதற்காகச் சனம் அடிபட்டதோ எங்களுக்குத் தெரியாது.

அந்த நாலாம் பதிப்புத்தான் இந்த வரலாற்றிலேயே பெரிய உடைவு, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2007இல் அறிவித்து 2008 ஜூனில் வெளியிட்டார்கள். அதுவரை மந்திரவாதி மந்திரங்களைக் காலையில் மனதில் ஏற்றி, ஒவ்வொன்றாகச் செலவழிப்பார். வாள்வீரன் ஒவ்வொரு முறையும் வாளை வீசுவதோடு சரி. நாலாம் பதிப்பில் எல்லோருக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, ஒரு சண்டைக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, ஒரு நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை. பாத்திரங்களுக்குத் தாங்குபவர், தாக்குபவர் என்று கடமைகளும் பிரித்தார்கள். கட்டம் போட்ட தாளில் காய்களை நகர்த்தி விளையாட அது அருமையான விளையாட்டு. பிற்காலத்தில் இறக்கி விளையாடிப் பார்த்தேன். வாள்வீரனாக இருப்பதில் இவ்வளவு யோசிக்க இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அதுதான். ஆனால் பலருக்கு அது கணினி விளையாட்டைப் போல இருந்தது. மந்திரவாதியும் வாள்வீரனும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறதே என்றார்கள்.

விதி மட்டும் மாறியிருந்தால் அந்தக் கோபம் இரண்டு மூன்று வருடத்தில் அடங்கியிருக்கும் என்பது என் எண்ணம். கூடவே உரிமத்தையும் மாற்றினார்கள். நாலாம் பதிப்புக்குத் தந்த புதிய உரிமம் இறுக்கமானது. ஒரு தொடரைப் புதிய உரிமத்துக்கு மாற்றினால் அதைப் பழைய உரிமத்தில் தொடர்ந்து விற்க முடியாது என்ற பிரிவு அதன் முதல் வடிவத்தில் இருந்தது. விளையாட்டுக்கென்று வந்த மாத இதழ்கள் இரண்டையும் அதுவரை நடத்திவந்த பெய்சோ என்ற நிறுவனத்திடமிருந்து 2007இல் அவற்றைத் திரும்ப எடுத்தார்கள். இதழ்களை இழந்த பெய்சோ என்ன செய்தது? 2000ஆம் ஆண்டு உரிமம் இருக்கிறதே. 3.5 விதிகளை எடுத்துத் திருத்தி, வாசகர்களிடம் கொடுத்துச் சோதித்து, 2009 ஓகஸ்டில் பாத்ஃபைன்டர் என்று வெளியிட்டது. புதியதை வேண்டாம் என்றவர்களுக்குப் பழையது புத்தம்புதிதாகக் கிடைத்தது. பிறகு சில வருடங்கள் அமெரிக்கக் கடைகளின் விற்பனைத் தரவரிசையில் பாத்ஃபைன்டர் தாய் விளையாட்டையே முந்தியது.

வேறு எந்த விளையாட்டிலும் இப்படி நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. விதி பிடிக்காத ரசிகர்கள் புறுபுறுப்பது எங்கும் உண்டு. இங்கே அவர்களுக்குப் போக ஒரு வீடு இருந்தது, அதைக் கட்டக் கல்லும் சுண்ணாம்பும் கொடுத்ததே பழைய கொம்பனிதான். 1970களின் விதிகளை விரும்பியவர்களும் இதே உரிமத்தைப் பிடித்துக்கொண்டு 2006இலிருந்து பழைய பதிப்புகளை வேறு பெயர்களில் மறுபடி எழுதினார்கள்.

2009 ஏப்ரலில் விசார்ட்ஸ் தன் நூல்களின் பி.டி.எஃப். விற்பனையை முற்றாக நிறுத்தியது, பழைய பதிப்புகளையும் சேர்த்து. களவாகப் பரவுகிறது என்று காரணம் சொன்னார்கள். மறுபடி விற்கத் தொடங்க 2013 ஆகிவிட்டது. அந்த ஏப்ரலில் எங்கள் ஊரில் யாருக்கும் இதையெல்லாம் நினைக்க மனம் இருக்கவில்லை. வன்னியில் எங்கள் சொந்தங்கள் இருந்தார்கள். ஐந்து பேராக விளையாடியவர்களில் இருவர் அதற்கு முன்பே கப்பலில் கொழும்பு போய், அங்கிருந்து வெளிநாடு போய்விட்டார்கள்.

2012இல் விசார்ட்ஸ் தன் பிழையை உணர்ந்ததுபோல் நடந்துகொண்டது. அடுத்த பதிப்பின் வரைவை இரண்டு வருடம் பொதுவில் வைத்து, விளையாடியவர்களிடம் கருத்துக் கேட்டு, 2014இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டது. பழையவர்களும் புதியவர்களும் ஓரளவு ஒரே மேசைக்குத் திரும்பினார்கள். நாலாம் பதிப்பைத் தவறவிட்ட நாங்கள் 3.5இலிருந்து நேரே ஐந்துக்குத் தாவினோம். கைபேசியில் இலவசமாகக் கிடைத்த அடிப்படை விதிகளை வைத்து, பல்கலைக்கழகத்துப் பெடியள் நாலு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இருபது முகப் பகடை முதல்முதல் எங்கள் மேசையில் உருண்டது அப்போதுதான். ரின் இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

இதற்கிடையில் பெய்சோ 2019இல் பாத்ஃபைன்டருக்கே இரண்டாம் பதிப்புப் போட்டது. புதிய பதிப்பை ஏற்காதவர்கள் ஒதுங்கிய வீட்டிலேயே புதிய பதிப்பு! அங்கேயும் சனம் பிரிந்தது.

கொம்பனிகள் ஏன் சும்மா இருப்பதில்லை என்றால், காரணம் எளிது. விதிநூல் தேய்வதில்லை. எங்கள் போட்டோகொப்பி இருபது வருடம் கடந்தும் விளையாடக்கூடியதாகத்தான் இருக்கிறது. ஒரு மேசை ஒருமுறை வாங்கிவிட்டால் பிறகு வாங்க வேண்டிய தேவை குறைவு. ஆகவே பத்து வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் மறுபடி வாங்கவைக்க ஒரே வழி புதிய பதிப்பு. அமெரிக்காவில் அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. 2014இல் விளையாட்டாளர் நூலின் விலை 49.95 டொலர், 2024இல் 49.99 டொலர். அங்கே நாலு சதம் ஏறியிருக்கிறது. இங்கே? 2014இல் டொலர் 130 ரூபா அளவில் நின்றது. நூல் 6,500 ரூபா. 2022இல் ரூபா விழுந்த பிறகு டொலர் 300 அளவில். அதே நூல் 15,000 ரூபா. விளையாட்டாளர் நூல், டி.எம். நூல், அரக்கர் நூல் என்று மூன்றும் வேண்டுமென்றால் 45,000. எங்கள் மேசையில் ஒருவர் பாடசாலை ஆசிரியர், இருவர் மாணவர்கள். அவர்களைப் பார்த்து, புதுசுக்கு மாறுவோம் என்று சொல்வதற்கு முன் நூறு தரம் யோசிக்க வேண்டும்.

அப்புறம், "பழைய புத்தகத்தை யாரும் பறிக்கவில்லையே, உங்கள்பாட்டில் விளையாடுங்கள்" என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில். புத்தகத்தைப் பறிக்கவில்லைத்தான், கூட விளையாடுபவர்களைப் பறிக்கிறார்கள். ரொறொன்ரோவில் ஒரு மேசை உடைந்தால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டை விளையாடுபவர்களை ஒரு சிற்றுந்துக்குள் அடக்கிவிடலாம். ஆறு பேரில் இருவர் வேறு பதிப்புக்குப் போனால் இரண்டு மேசை வராது. இருக்கிற ஒன்றும் போய்விடும்.

2023 தையில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு உரிமத்தை இரத்துச்செய்து புதியதைக் கொண்டுவர விசார்ட்ஸ் தயாரித்த வரைவு கசிந்தது. வருடத்துக்கு 750,000 டொலருக்கு மேல் உழைப்பவர்கள் அதற்கு மேற்பட்ட வருமானத்தில் 25 வீதம் வரை கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. பழைய உரிமம் நிரந்தரமானது என்று எழுதியிருக்கிறதே என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் அதில் 'அங்கீகரிக்கப்பட்ட' பதிப்பைப் பயன்படுத்தலாம் என்றும் ஒரு சொல் இருந்தது. அங்கீகாரத்தை எடுத்துவிட்டால் சரிதானே என்பது கொம்பனியின் வாதம். அந்த ஒரு சொல்லில் நூற்றுக்கணக்கான சிறு வெளியீட்டாளர்களின் பிழைப்பு தொங்கியது.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த மாதம் பதிப்புச் சண்டை நின்றுபோனது. 3.5காரர், ஐந்தாம் பதிப்பினர், பாத்ஃபைன்டர்காரர், எழுபதுகளின் விதிகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். கொம்பனியின் இணையச் சேவைக்குக் கட்டிவந்த சந்தாக்களை நிறுத்தினார்கள். தை 27ஆம் திகதி விசார்ட்ஸ் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்றது. அதோடு ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை, ஏறக்குறைய 400 பக்கத்தை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டது. அதை இனித் திரும்ப எடுக்க முடியாது.

2024 பதிப்போடு சண்டை திரும்பவும் வந்தது. புதிதாக வந்தது ஆறாம் பதிப்பு அல்ல, ஐந்தின் திருத்தம்தான் என்று கொம்பனி சொன்னது. மேசைகள் அதை இரண்டு பதிப்பாகவே பார்த்தன. அந்த ஓகஸ்டில் இன்னொரு பிரச்சினையும் வந்தது. கொம்பனியின் இணையச் சேவையில் பாத்திரங்களை வைத்திருந்தவர்களுக்கு, அவர்களுடைய பழைய மந்திரங்கள் தன்பாட்டில் புதியவையாக மாறும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் கைவிட்டார்கள். அச்சுப் புத்தகத்தை யாரும் இரவோடு இரவாக வந்து திருத்த முடியாது என்பதை நான் அப்போது நன்றாக விளங்கிக்கொண்டேன்.

எங்கள் மேசையில் சூடு கிளம்பியது வேறொரு மாற்றத்தால். பழைய நூல்களில் பாத்திரத்தின் பிறப்பு அதன் வலுவையும் அறிவையும் தீர்மானிக்கும். 1978 நூலில் பெண் பாத்திரத்தின் உச்ச வலுவே ஆணைவிடக் குறைவாக இருந்தது. ஐந்தாம் பதிப்பின் துணைநூல் ஒன்றில் ஓர்க் என்ற முரட்டுக் கற்பனைக் குலத்தவருக்கு அறிவில் இரண்டு புள்ளி குறைத்திருந்தார்கள், பிறகு அதை நீக்கினார்கள். 2024 நூலில் பிறப்புக்கும் இந்த எண்களுக்கும் தொடர்பில்லை. பாத்திரம் வளர்ந்த சூழல், செய்த தொழில் என்பவற்றிலிருந்துதான் அவை வரும். எங்கள் மேசையின் மூத்த அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லாரும் ஒரே மாதிரி எண்டா பிறகு குலம் எதுக்கு? கதையில ருசி போயிடும்," என்றார்.

"அண்ணை, பிறந்த உடன ஒருத்தன்ர அறிவு இவ்வளவுதான் எண்டு எழுதி வைக்கிறதை நாங்கள் வீட்டில கேட்டது காணாதே? இஞ்சயும் வேணுமே?" என்று கேட்டாள் எங்களோடு விளையாடுகிற தங்கச்சி.

அண்ணை பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவர் வரவில்லை, தங்கச்சியும் வரவில்லை. நான் முதலில் சொன்ன நாலு பேர் மிஞ்சிய ஞாயிறு அதுதான். அமெரிக்காவில் இந்த மாற்றத்தைப் பற்றி நடந்த வாதத்தை நான் படித்திருக்கிறேன், ஆனால் யாழ்ப்பாணத்து விறாந்தையில் அது எவ்வளவு கனமாக விழுகிறது என்பதை அன்று கண்டேன். இந்த ஒரு விடயத்தில் நான் தங்கச்சி பக்கம். மற்ற எத்தனையோ விடயங்களில் எனக்கு 3.5தான் விருப்பம்.

அவர்களைத் திரும்பச் சேர்த்தது விதி அல்ல, ஒரு வேலை. கிரியேட்டிவ் கொமன்ஸில் விட்டதன் பொருள், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம் என்பது. விசார்ட்ஸே பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் வெளியிட்டிருக்கிறது. தமிழில் நாங்கள் செய்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. 2025இல் திருத்திய விதிகளின் அடிப்படையையும் அதே உரிமத்தில் விட்டபோது உடனே கேள்வி வந்தது: எந்தப் பதிப்பைத் தமிழாக்குவது?

பதிப்பு என்ற சொல் எங்கள் ஊருக்குப் பழையது. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சில் பதிப்பித்தார். அந்த வேலையில் நல்ல பதிப்பு என்பது மூலத்துக்குக் கிட்டப் போவது. விளையாட்டில் புதிய பதிப்பு மூலத்தை விட்டு வேண்டுமென்றே விலகுகிறது. ஒரே சொல் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால்தான் நாங்களும் குழம்புகிறோமோ என்று அண்ணையிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, ஏட்டுக்காரர் செய்ததுபோலவே செய்வோம் என்றார். ஒன்றை மூலமாக எடுத்து, மற்றது வேறுபடும் இடத்தைப் பாடபேதமாகப் பக்கத்திலேயே காட்டுவது. 2014ஐ மூலமாக வைப்பது என்று அவர் கேட்டார், தங்கச்சி ஒத்துக்கொண்டாள். பிறப்பைப் பற்றிய பகுதியில் மட்டும் 2024ஐ மூலமாக வைக்க வேண்டும் என்று தங்கச்சி கேட்டாள். அதற்கு இரண்டு ஞாயிறு எடுத்தது. அண்ணை சரி என்றார்.

இப்போது ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதுகிறோம், இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் பேதம். பகடைகளின் பெயரும் ஆறு திறன்களின் பெயரும் முடிந்துவிட்டன. ஆபத்திலிருந்து தப்ப உருட்டுகிற உருட்டலுக்குத் 'தப்புருட்டு' என்று போட்டிருக்கிறோம். அண்ணைக்கு 'காப்புருட்டு' வேண்டுமாம். இரண்டையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். நிலாவரைக்குள் திருடன் இன்னும் கயிற்றில்தான் தொங்குகிறான். வாற ஞாயிறு அவனுக்கு இரண்டு பகடை.